மண்டோரின் பச்சைப் புள்ளி

அத்தியாயம் 5

"பொய் சொல்றவங்க ஒரே பொய்யைத்தான் கெட்டியா பிடிச்சுக்குவாங்க. இந்த ஆளு ரெண்டு சொல்லியிருக்காரு. அதுதான் எனக்கு இடிக்குது," என்றார் ரஜனி அக்கா.

சுவா என்ற ஊரைத் தாண்டித் தார் ரோடு முடிந்து, எஸ்டேட்டின் செம்மண் பாதையில் கார் குதித்துக்கொண்டிருந்தது. பல் உடையாமல் பேசுவது கஷ்டம். இரண்டு பக்கமும் செம்பனை, அடர்ந்த எண்ணெய்ப் பனை மரங்கள். வெயில் அடித்தாலும் உள்ளே அந்திநேரம் மாதிரிதான் இருக்கும்.

ரஜனி அக்கா பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்தவர். இப்போது சிரம்பானில் ஒரு டயர் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். நான் நைஜல். முன்பு ஹேன்போன் ரிப்பேர் கடையில் இருந்தேன். இப்போது அவருக்கு உதவியாளன், அதாவது டிரைவர், கேமராமேன், கோப்பி வாங்கப் போகிறவன். எங்கள் ஆபீஸில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யார் எங்களைக் கூப்பிடுகிறார்களோ, அவர்களைத்தான் முதலில் சந்தேகப்படுவோம்.

கூப்பிட்டவர் அந்தோனியம்மாள். சந்தேகம் அவருடைய கணவர் அமலதாஸ் மேல். பழம் வெட்டும் ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. மரங்கள் வளர்ந்துவிட்ட தோப்பில், பழுத்த குலை எது என்று கீழே நின்று கத்திக் காட்டினால் தொண்டைதான் போகும். அதனால் அவர் ஒரு பச்சை லேசர் பேனா வைத்திருந்தார். குலைமேல் புள்ளி வைப்பார், ஆள் வெட்டுவான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழ லோரி ஒன்று ஓடையின் சின்னப் பாலத்தில் சரிந்து கவிழ்ந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த வசந்தன் என்ற தொழிலாளி கால் நசுங்கி, சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். டிரைவர் ஹேமநாதன் சொன்னது ஒரே வாக்கியம்: "மேட்டுலேர்ந்து பச்சை லைட் கண்ணுல அடிச்சுச்சு." மறுநாள் காலை எஸ்டேட் காவலாளியான ஜாகா அந்த மேட்டுப் புல்லில் அமலதாஸின் பேனாவைக் கண்டெடுத்தார்.

அமலதாஸ் ஜாகாவிடம் சொன்னது, "அது காணாமப் போச்சு." மானேஜரிடம் சொன்னது, "அது கெட்டுப் போச்சு."

"காணாமப் போனது கெட்டுப் போச்சுன்னு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கிறேன். ரோட்டைப் பாரு."

எஸ்டேட் ஆபீஸ் வாசலில் அந்தோனியம்மாள் நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தியானம் போலிஸ் வருதாம் தம்பி. இவரைக் கூட்டிட்டுப் போயிட்டா வேலை போச்சு, வேலை போனா வீடும் எஸ்டேட்டு வீடுதானே. சுவத்துல இருந்த இயேசு படத்தைக்கூடக் கழட்டி துணியில சுத்தி வெச்சுட்டேன்."

வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

விசாரணை சின்ன மானேஜர் நிஷாந்தன் ரூமில். கதவைத் திறந்ததும் கேமரன் மலைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. அவ்வளவு குளிர். கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி சிந்துஜா குளிர்ச்சட்டைக்கு மேல் துப்பட்டாவையும் சுற்றியிருந்தார். பெரிய மானேஜர் புவனேஸ்வரன் கைகளைக் கக்கத்தில் வைத்திருந்தார். மூலையில் அமலதாஸ், ஐம்பது வயசு, கட்டையான உடம்பு, தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஏர்கான் மூச்சு விடாம ஓடுதே?" என்றேன்.

"ரிமோட்டு ரோசாக் லா, கெட்டுப் போச்சு," என்றார் சிந்துஜா. "சனிக்கிழமையிலேர்ந்து இப்படித்தான். சுவிட்ச் அந்த இரும்பு அலமாரிக்குப் பின்னால மாட்டிக்கிச்சு. நான் வேற பேட்டரி போடவான்னு கேட்டேன். சார் வேணாம்னுட்டாரு, அவரே ஆளை வரச் சொல்றாராம்."

"இப்போ அதுவா முக்கியம்?" என்றார் நிஷாந்தன். முப்பது வயசு இருக்கும். தேய்த்த சட்டை, ஓயாத கால். ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே கறுப்புப் பேனா. "இதுதான் சாட்சி. போலிஸ் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

மேசையில் இருந்த ஸ்டேப்ளரில் ஒரு ஊதாப் பொட்டு. கால்குலேட்டரில் ஒரு ஊதாப் பொட்டு. கத்தரிக்கோலிலும். எல்லாம் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய மாதிரி இருந்தது.

"என் நெயில் பாலிஷ்தான்," என்றார் சிந்துஜா, நான் பார்ப்பதைக் கவனித்து. "ஆபீஸ் சாமானெல்லாம் கால் முளைச்சு வீட்டுக்குப் போயிடுது. அடையாளம் வெச்சா திரும்பி வருது."

ரஜனி அக்கா உட்காரவில்லை. "இது வேலை செய்யுதா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும் அமுக்கிப் பார்க்கலையா?"

"கைரேகை போயிடும்னு நிஷாந்தன் சொன்னாரு," என்றார் புவனேஸ்வரன்.

"ஜாகா கையால எடுத்தாரு, நீங்க பையில போட்டீங்க. ரேகை போயி ரெண்டு நாளாச்சு. நைஜல் திறந்து பார்க்கட்டும். திறக்கிறதை எல்லாம் போன்ல பதிவு பண்ணிக்குவோம். நீங்களும் பக்கத்துலயே நில்லுங்க."

புவனேஸ்வரன் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். நிஷாந்தனின் கால் ஆட்டம் நின்றது. ஆனால் அமலதாஸின் முகமும் வெளுத்தது. நான் இரண்டையும் பார்த்தேன். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

கைப்பேசியை ஸ்டேப்ளர்மேல் சாய்த்துப் பதிவைத் தட்டிவிட்டேன். பேனாவின் முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். கண் ரெண்டுதான், ரிப்பேர் கடையில் அதற்கு மாற்று கிடைக்காது. பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் இல்லை.

"நான் சொன்னேன்ல," என்று அமலதாஸ் மூச்சு விட்டார். "கெட்டுப் போச்சுன்னு சொன்னேன்ல சார். சிரம்பான்ல குடுத்து சரி செய்யலாம்னு வெள்ளிக்கிழமை காலையில, ஆளுங்க கூடுற பெரட்டு கொட்டகை ஆணியில மாட்டி வெச்சேன். அப்புறம் அங்க இல்ல."

கெட்டது, பிறகு காணாமல் போனது. இரண்டும் பொய் இல்லை என்றால் ஒரே கதைதான். ஆனால் ரஜனி அக்கா அவரைப் பார்த்த பார்வையில் இன்னும் இரக்கம் வரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் நிஷாந்தன் சிரித்தபடி. "இவரு வழக்கமா லோரிக்கு லேசர் காட்டுறவருதான். வேணும்னா கேளுங்க."

ரஜனி அக்கா திரும்பினார். "உண்மையா?"

அமலதாஸ் தொப்பியை இன்னும் பிசைந்தார். "கண்ணுக்கு இல்லம்மா. பாலத்து ஓரம் உடைஞ்சு கிடந்துச்சு. இருட்டுல தெரியாது. அந்த ஓரத்துல புள்ளி வெப்பேன், இதுக்கு இந்தப் பக்கம் வராதேன்னு."

"அது பழைய கதை," என்றார் நிஷாந்தன். "பாலத்தை நான் போன மாசமே சரி செஞ்சுட்டேன்."

லோரிக்கு லேசர் காட்டும் பழக்கம் இருந்ததை எங்கள் கட்சிக்காரர் எங்களிடம் மூச்சுக்கூட விடவில்லை. ரஜனி அக்காவின் உதடு கோடாக மாறியது.

"நைஜல்," என்றார். "ஏன் எரியலைன்னு பாரு."

பின்மூடியைத் திருகினேன். இரண்டு சின்ன பேட்டரி வழுக்கி விழுந்தன. என் பையில் எப்போதும் இருக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டும் நல்ல தெம்பு. மூடிக்குள் இருந்த ஸ்பிரிங்கில்தான் வியாதி. பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது.

"பழைய பேட்டரி கசிஞ்சிருக்கு," என்றேன். "இது ஒரு நாள்ல வர்ற உப்பு இல்ல."

பிளேடால் சுரண்டினேன். சிந்துஜாவின் மீகூன் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதி லீமாவ், புளிக்கும் எலுமிச்சை, இருந்தது. அதைக் கடனாகக் கேட்டு, பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். நுரைத்து, உப்பு கரைந்து, ஸ்பிரிங் பளிச்சென்று வந்தது. துடைத்துக் காயவைத்தேன். பேட்டரியைப் போட்டு, மூடி, அமுக்கினேன்.

ஒன்றும் இல்லை.

பொத்தானை மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருந்தது. மூடியின் மரையைத் துடைத்தேன். திரும்பவும் போட்டேன். ம்ஹூம்.

"முடிஞ்சது அக்கா. இதுக்கு நான் இரங்கல் தெரிவிச்சுக்கிறேன்."

அமலதாஸ் கண்ணை மூடி சிலுவை போட்டுக்கொண்டார். நிஷாந்தன் விடவில்லை. "இதெல்லாம் நடிப்பு. லோரியைக் கவிழ்த்துட்டு அப்புறம் அவரே கெடுத்திருப்பாரு."

ரஜனி அக்கா பேனாவைப் பார்க்கவில்லை, அமலதாஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நைஜல், பேட்டரியைத் திருப்பிப் போடு. தலை பின்னால."

"அக்கா, டார்ச்லைட் பிறந்த நாளிலேர்ந்து தலை முன்னாலதான்."

"போடு."

போட்டேன். அமுக்கினேன்.

ஏர்கானுக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டியிருந்த நிஷாந்தனின் பட்டமளிப்புப் படத்தின் நெற்றியில், பச்சைப் புள்ளி விழுந்தது. பளீரென்று, ஆடாமல்.

வாசலில் இருந்து அந்தோனியம்மாளின் குரல் வெடித்தது. "அடப்பாவி! உன்னை நம்பித்தானே கூப்பிட்டேன்!"

என்னைத்தான் சொன்னார். எனக்கும் என்மேல் அதே கருத்துதான்.

"எரியுது!" நிஷாந்தன் எழுந்தே விட்டார். "பார்த்தீங்களா சார்? எரியுது!"

"ஆமா, இப்போ எரியுது," என்றார் ரஜனி அக்கா. "நைஜல், நீ முதல்ல திறந்தப்போ பேட்டரி எப்படி இருந்துச்சு?"

"தலை முன்னால. போன்ல இருக்கு."

"உப்பு?"

"அதுவும் இருக்கு."

ரஜனி அக்கா புவனேஸ்வரன் பக்கம் திரும்பினார். "சார், இந்தப் பேனா மேட்டுல கிடைச்ச நிலைமையில எரியவே எரியாது. ஸ்பிரிங்ல உப்பு. பேட்டரி மாறிக் கிடக்கு. இதை வெச்சு லோரி டிரைவர் கண்ணுல அடிக்க முடியாது. வேணும்னா தூக்கி எறிஞ்சு மண்டையில அடிக்கலாம்."

"அவரே மாத்திப் போட்டிருக்கலாமே," என்றார் நிஷாந்தன்.

"கெட்டுப் போச்சுன்னு காட்ட நினைக்கிறவரு கசிஞ்ச பேட்டரியை அப்படியே விட்டிருப்பாரு. அது போதும். புது பேட்டரி போடுறவன் யாரு? இது நல்லா எரியுதுன்னு போலிஸ் நம்பணும்னு நினைக்கிறவன்."

அவர் பேட்டரிகளைக் கழற்றி, பேனாவோடு புவனேஸ்வரன் கையில் கொடுத்தார். "போடுங்க சார்." அவர் தலையை முன்னால் வைத்துப் போட்டார். சிந்துஜாவும் அப்படியே. அமலதாஸிடம் கொடுத்தார். அவர் பேனாவைப் பார்க்கவே இல்லை. விரல் தானாக பேட்டரியைத் திருப்பி, தலை பின்னால் போட்டு மூடியது.

"மண்டோருங்க எல்லாருக்கும் தெரியும்மா," என்றார் மெதுவாக. "இந்த லேசர் அப்படித்தான்."

"தெரிஞ்சும், நைஜல் தப்பாப் போடுறப்போ ஏன் சொல்லலை? உங்க கை பாதி தூரம் வந்துச்சு, அப்புறம் தொப்பிக்குள்ள போயிடுச்சு. அதைப் பார்த்துத்தான் திருப்பிப் போடச் சொன்னேன்."

அமலதாஸின் கண் கலங்கியது. "எரியாம இருக்கறது ஒண்ணுதாம்மா எனக்கு சாட்சி. எரிஞ்சிடுமோன்னு பயந்துட்டேன்."

ரஜனி அக்கா முதல் தடவையாக அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்தால் சந்தேகப் பட்டியலில் ஒரு பெயர் அடிபட்டது என்று அர்த்தம்.

"நைஜல், அந்தப் பேட்டரியை இன்னொரு தடவை பாரு. அடிப்பக்கம்."

பார்த்தேன். தட்டையான அடியில், மிளகு அளவுக்கு ஒரு ஊதாப் பொட்டு. மற்றதிலும்.

"அய்யோ, அது என் பாலிஷ்!" என்று சிந்துஜா துப்பட்டாவை உதறி எழுந்தார். "தோட்டத்துக்குப் போற பேட்டரிக்கு நான் வெக்கறதில்ல. ஆபீஸுக்குள்ள இருக்கறதுக்கு மட்டும்தான்."

"இதே சைஸ் ரெண்டு பேட்டரி ஆபீஸ்ல எதுல இருக்கு?"

சிந்துஜாவின் வாய் திறந்தபடி நின்றது. மெல்லத் திரும்பி, மூன்று நாளாக அந்த அறையை உறையவைத்துக்கொண்டிருந்த ஏர்கானைப் பார்த்தார்.

ரிமோட் நிஷாந்தனின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் கை அங்கே போவதற்குள் புவனேஸ்வரனின் கை போய்விட்டது. மூடியைத் தள்ளினார். உள்ளே இரண்டு பேட்டரி, வயிறு வெடித்து, பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்து. பொட்டு இல்லை.

"அது என்னோட பழைய பேட்டரி," என்றார் அமலதாஸ்.

"இந்த ரூம் சாவி?" என்று கேட்டேன்.

"சார்கிட்ட மட்டும்தான்," என்றார் சிந்துஜா.

நிஷாந்தன் உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. "நான் லாயர்கிட்ட பேசணும்," என்றார். கதவருகே ஜாகாவை நிற்க வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

"யாருன்னு தெரிஞ்சு போச்சு," என்றார் ரஜனி அக்கா. "ஏன்னு தெரியலை. இன்னொண்ணு, அந்த டிரைவர் இன்னும் பச்சை லைட்டுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்காரு. வேற லேசர் இருந்துச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்ம கதை கந்தல். பாலத்தைப் பார்ப்போம்."

வானம் அதற்குள் மழைமேக மை பூசிக்கொண்டுவிட்டது. புவனேஸ்வரன், பேட்டரியைத் திருப்பிப் போட்டிருந்த பேனாவைப் பையில் போட்டுத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் காரில் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ரஜனி அக்காவும் அமலதாஸும் அவர் மனைவியும். அந்தோனியம்மாள் நடுவழியில் என் தோளைத் தட்டினார். "திட்டிட்டேன், மனசுல வெச்சுக்காதே தம்பி." வைத்துக்கொள்ளவில்லை. காதில்தான் இன்னும் இருந்தது.

பாலத்தின் இடது ஓரம் ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்கு இல்லை. கீழே ஓடை.

"லோரி விழுந்ததுல உடைஞ்சதுன்னு நிஷாந்தன் சொன்னாரு," என்றார் புவனேஸ்வரன். "செஞ்சு முடிச்ச பாலம் உடைஞ்சு போச்சேன்னு நானும் நம்பினேன்."

நான் குனிந்து பார்த்தேன். உடைந்த கான்கிரீட் வாயில் பாசி. பாசி நடுவே மூன்று விரல் உயரத்துக்குப் பெரணி.

"சார், இந்தச் செடி என்ன உரம் சாப்பிடுது? வெள்ளிக்கிழமை உடைஞ்ச இடத்துல இவ்வளவு வளர்ந்திருக்கே. அதை உங்க செம்பனைக்குப் போடலாமே."

புவனேஸ்வரன் சிரிக்கவில்லை. பெரணியைத் தொட்டுப் பார்த்தார். செய்யாத பாலத்தைச் செய்தாச்சு என்று சொல்லிவிட்டு, ஒரு மனிதன் கால் போனதும் பழியைத் தூக்கி மண்டோர் தலையில் வைத்திருக்கிறான். அவர் முகம் போன போக்கில் அது எழுதியிருந்தது.

அப்போதுதான் லோரிச் சத்தம் கேட்டது.

மேட்டைத் தாண்டி, பழம் ஏற்றிய லோரி ஒன்று இறங்கி வந்தது. தூறல் ஆரம்பித்திருந்தது. செம்பனை நிழலில் பாதை கன்னங்கரேலென்று கிடந்தது. வண்டி இடது பக்கமாகத்தான் வந்தது. நான் கையை ஆட்டிக் கத்தினேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சார், அதைக் குடுங்க!"

கேட்டது அமலதாஸ். மானேஜர் யோசிக்கவே இல்லை, எடுத்துக் கொடுத்தார். அமலதாஸ் பையைக் கிழித்துப் பாலத்துக்கு ஓடி, தரையை நோக்கி அமுக்கினார். உடைந்த ஓரத்துக்கு முன்னால், ஈரமான செம்மண்ணில், பச்சைப் புள்ளி விழுந்தது.

"அண்ணே, கீழேயே காட்டுங்க! மேலே தூக்கிடாதீங்க!" என்று நான் கத்தினேன். இன்னொரு கேஸ் தாங்காது.

பிரேக் அலறியது. லோரி வழுக்கி, ஆடி, புள்ளிக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது.

கதவு திறந்தது. இறங்கியவன் நெற்றியில் பிளாஸ்டர். ஹேமநாதன். அவனுடைய கவிழ்ந்த வண்டிக்குப் பதிலாக வேறு லோரியை அவனிடமே கொடுத்திருந்தார்கள். அவன் மானேஜரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. மண்ணில் கிடந்த புள்ளியையும், அதைப் பிடித்திருந்த கையையும்தான் பார்த்தான். அப்படியே சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ரஜனி அக்கா என் கைப்பேசியைக் கண்ணால் காட்டினார். பதிவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"சின்ன சார்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு அண்ணே," என்றான். மழையில் அழுகிறானா என்று தெரியவில்லை, குரலில் தெரிந்தது. "இல்லேன்னா உன் மேலதான் கேஸ் வரும்னாரு. வசந்தன் கத்தறது இன்னும் காதுல கேக்குது. லைட் எதுவும் என் கண்ணுல அடிக்கலை. தினம் இந்த எடத்துல உங்க புள்ளி இருக்கும். அன்னைக்கு இல்ல. சரி, பாலத்தைச் செஞ்சிட்டாங்க போலன்னு நினைச்சு ஓட்டிட்டேன்."

அமலதாஸ் பொத்தானில் இருந்து விரலை எடுக்கவில்லை.

"அன்னைக்கு இந்த லைட் எரிஞ்சிருந்தா நான் நின்னுருப்பேன் அண்ணே."